கித்தாரை வைத்தவர், எடுத்தவர்

1979ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், இலண்டன் மாநகரின் வெம்பிளி அரங்கில் ஓர் இசை நிகழ்ச்சி நடைபெற்றது. அது சர்வதேசக் குழந்தைகள் ஆண்டு. யுனிசெஃப் நிறுவனத்தின் நிதிக்காக நடந்த அந்நிகழ்ச்சியில் முப்பத்தொரு வயதுடைய பாடகர் ஒருவர் கித்தாருடன் மேடையேறித் தம் பாடல்களைப் பாடினார்; பாடி முடித்ததும் இறங்கிச் சென்றார். உலகம் அவரை ‘கேட் ஸ்டீவன்ஸ்’ என அறிந்திருந்தது. அவரோ ஓராண்டுக்கும் மேலாக ‘யூசுப் இஸ்லாம்’ என்னும் பெயருக்கு உரியவராகியிருந்தார். அன்று கீழே வைத்த கித்தாரை அவர் மீண்டும் கையிலெடுக்க ஏறத்தாழக் கால் நூற்றாண்டு சென்றது.

நம் சமுதாய ஏடுகளை நெடுங்காலமாகப் படித்து வரும் வாசகர்களுக்கு இப்பெயர் புதிதன்று. புகழின் உச்சியில் நின்ற மேலைநாட்டுப் பாடகர் கலிமா மொழிந்து, இசையைத் துறந்து, பள்ளிக்கூடம் நடத்தப் புறப்பட்ட செய்தியை எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். ஆனால், நாம் படித்தது பாதி வரலாறுதான். மறுபாதி அதற்குப் பின்னர் நிகழ்ந்தது. அதை நம்மில் பலர் தொடர்ந்து அறியவில்லை. அறிந்த சிலரும் எழுதத் தயங்கினர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

அவ்வரலாற்றை முழுமையாகப் படிக்க நேர்ந்ததற்கு எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு வழக்கே காரணம். என் தமையனாரின் இளைய மகன் சென்னையில் பொறியியல் படிக்கச் சென்றவன், விடுமுறைக்கு வரும்போது தோளில் ஒரு கித்தாரைத் தொங்கவிட்டுக்கொண்டு வந்து சேர்ந்தான். காக்கா அவனிடம் நேரில் ஒரு சொல்லும் சொல்லவில்லை. என்னை அழைத்து, “தம்பி, நீ வாத்தியார் வேலை பார்த்தவன். உன் பேச்சைக் கேட்பான். தீனுக்கு வந்த அந்த வெள்ளைக்காரரே இந்தக் கருவியைத் தூக்கி வைத்துவிட்டார், நம் பிள்ளை இதைத் தூக்கிக்கொண்டு வருகிறானே என்று எடுத்துச் சொல்” என்றார். நானும் சொன்னேன். பிள்ளை பணிவுடன் கேட்டுவிட்டு, “சாச்சா, வாப்பா சொல்வது உண்மைதான். ஆனால் அவர் மறுபடியும் எடுத்துவிட்டாரே” என்றான்.

தந்தையும் மகனும் ஒரே மனிதரைச் சாட்சிக்கு அழைத்தால் நடுவில் நிற்பவன் என்ன செய்வது? சாட்சியின் வாக்குமூலத்தை முதலிலிருந்து கேட்பதுதான் முறை.

அவர் பிறந்தது 1948 ஜூலை 21, இலண்டனில். பெற்றோர் இட்ட பெயர் ஸ்டீவன் டெமெட்ரி ஜார்ஜியோ. தந்தையார் சைப்ரஸ் தீவைச் சேர்ந்த கிரேக்கர். தாயார் சுவீடன் நாட்டவர். நாடக அரங்குகள் நிறைந்த ஷாஃப்ட்ஸ்பரி சாலையில் அவர்கள் ஓர் உணவகம் நடத்தினர். குடும்பம் அதன் மாடியிலேயே குடியிருந்தது. சிறுவனுக்கு எட்டு வயதளவில் பெற்றோர் மணவிலக்குப் பெற்றனர். ஆயினும் இருவரும் அதே கட்டடத்தில் தங்கி அதே உணவகத்தைத் தொடர்ந்து நடத்தினர். பதினைந்து வயதில் அவருக்குக் கித்தார் மீது ஆசை பிறந்தது. தந்தையிடம் மன்றாடி எட்டுப் பவுன் வாங்கி முதல் கித்தாரை வாங்கினார். இச்செய்தியைப் படித்தபோது நான் சற்றே நின்றேன். அந்தக் கிரேக்க உணவகக்காரருக்கும் மகன் கல்லாவில் அமர வேண்டும் என்ற விருப்பம் இருந்திருக்கும் அல்லவா? இருந்தும் எட்டுப் பவுனை எடுத்துக் கொடுத்தார்.

ஓவியக் கல்லூரியில் ஓராண்டு பயின்றார். உன் கண்கள் பூனையின் கண்கள் போலிருக்கின்றன என்று தோழி ஒருத்தி சொன்னதால் ‘கேட்’ என்று மேடைப் பெயர் சூட்டிக்கொண்டார். 1966இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 1967இல் ‘மேத்யூ அண்ட் சன்’ என்னும் பாடல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் இரண்டாம் இடத்தைப் பிடித்தது. அதே காலத்தில் எழுதிய ‘தி ஃபர்ஸ்ட் கட் இஸ் தி டீப்பஸ்ட்’ என்னும் பாடலை முப்பது பவுனுக்குப் பி. பி. அர்னால்டு என்ற பாடகிக்குக் கொடுத்தார். அவர் குரலிலும், பின்னர் ராட் ஸ்டூவர்ட், ஷெரில் குரோ ஆகியோர் குரலிலும் அது மீண்டும் மீண்டும் வெற்றி கண்டது. ஜிமி ஹெண்ட்ரிக்ஸ், எங்கல்பர்ட் ஹம்பர்டிங்க் ஆகியோருடன் ஊர் ஊராகச் சுற்றிப் பாடினார். (ஹம்பர்டிங்க் 1936இல் நம் சென்னையில் பிறந்தவர் என்பது இடையில் ஒரு செய்தி.) பதினெட்டு, பத்தொன்பது வயதில் பணம், புகழ், மது, இரவு முழுதும் விழிப்பு. உடல் எத்தனை நாள் தாங்கும்?

காசநோய் பிடித்தது. ஸஸெக்ஸ் பகுதியில் மிட்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலிருந்த மன்னர் ஏழாம் எட்வர்டு மருத்துவமனையில் சில மாதங்கள் படுத்த படுக்கையாகக் கிடந்தார். பின்னர் ஏறத்தாழ ஓராண்டு ஓய்வு. அங்கேதான் நண்பர் ஒருவர் ‘தி சீக்ரெட் பாத்’ என்ற நூலை அவருக்குத் தந்தார். எழுதியவர் பால் பிரண்டன். 1930களில் திருவண்ணாமலைக்கு வந்து ரமண மகரிஷியைக் கண்டு அந்தத் தாக்கத்தில் எழுதிய ஆங்கிலேயர். ஆக, இந்த மனிதரின் தேடல் தொடங்கிய இடத்துக்கு நம் தமிழ் மண்ணோடும் ஒரு மெல்லிய இழை உண்டு. பத்தொன்பது, இருபது வயதில் மரணத்தை அருகில் பார்த்த இளைஞனுக்கு, ‘நான் இந்த உடல் மட்டும்தானா’ என்னும் வினா விளையாட்டு வினாவாக இருந்திருக்க முடியாது.

மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர் வேறு பாடகர். பெரிய வாத்தியக் குழுவின் ஆரவாரத்தை ஒதுக்கிவிட்டு, மரக் கித்தாரும் குரலுமாய் அமர்ந்தார். நாட்டுப்புற இசையின் எளிமையும் ராக் இசையின் வேகமும் கலந்த ஒரு பாணி பிறந்தது. தயாரிப்பாளர் பால் சாம்வெல் ஸ்மித்தும் கித்தார் கலைஞர் ஆலன் டேவிஸும் உடன் நின்றனர். 1970இல் மட்டும் ‘மோனா போன் ஜாக்கன்’, ‘டீ ஃபார் தி டில்லர்மேன்’ என இரு இசைத் தொகுப்புகள் வெளிவந்தன. 1971இல் ‘டீசர் அண்ட் தி ஃபயர்கேட்’. ‘வைல்ட் வேர்ல்ட்’, ‘மூன்ஷேடோ’, ‘பீஸ் ட்ரெயின்’ முதலிய புகழ்பெற்ற பாடல்களெல்லாம் இந்த ஈராண்டுப் பயிர்களே. 1972இல் வந்த ‘கேட்ச் புல் அட் ஃபோர்’ அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. அட்டைப் படங்கள் பலவற்றை அவரே வரைந்தார். ஓவியக் கல்லூரி வீண் போகவில்லை.

இவற்றுள் என்னை அதிகமாகப் பிடித்து நிறுத்தியது ‘ஃபாதர் அண்ட் சன்’. ரஷ்யப் புரட்சியைப் பின்னணியாகக் கொண்ட ஓர் இசை நாடகத்திற்காக அதை அவர் எழுதத் தொடங்கினார். புரட்சியில் சேரத் துடிக்கும் மகன். நிலத்தைப் பார்த்துக்கொண்டு வீட்டிலேயே இரு என்னும் குடியானவத் தந்தை. நோய் வந்ததால் நாடகம் நின்றது. பாட்டு மட்டும் மிஞ்சியது. தந்தையின் வரிகளைத் தாழ்ந்த குரலிலும் மகனின் வரிகளை உயர்ந்த குரலிலும் ஒருவரே மாறி மாறிப் பாடுகிறார். நடுவராக வந்து தீர்ப்புச் சொல்ல அப்பாட்டில் யாரும் இல்லை. இருபத்திரண்டு வயது இளைஞர், மகனுக்காக மட்டும் வழக்காடாமல் தந்தைக்கும் அதே அளவு நியாயம் வழங்கியிருப்பதை எண்ணி வியக்கிறேன். என் தமையனார் ஆங்கிலம் அதிகம் அறியார். அறிந்திருந்தால் இப்பாட்டின் பாதியை மனமுவந்து கேட்டிருப்பார்.

எழுபதுகளின் நடுவில், அமெரிக்காவின் மாலிபு கடற்கரையில் நீந்தச் சென்றவரை நீரோட்டம் இழுத்துச் சென்றது. கரை திரும்ப உடலில் வலுவில்லை. இறைவா, என்னைக் காப்பாற்றினால் உனக்காகப் பணியாற்றுவேன் என்று வேண்டினார். ஓர் அலை வந்து கரைப்பக்கம் தள்ளியது. இதை அவரே பலமுறை கூறியிருக்கிறார். அதன்பின், ஜெரூசலம் சென்று திரும்பிய அவருடைய அண்ணன் டேவிட், திருக்குர்ஆனின் மொழிபெயர்ப்புப் பிரதி ஒன்றைப் பரிசளித்தார். கொடுத்தவர் முஸ்லிம் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். படிக்கத் தொடங்கியவரின் உள்ளத்தை முழுமையாகக் கவர்ந்தது சூரா யூசுப். உடன்பிறந்தோரால் கிணற்றில் தள்ளப்பட்டு, சந்தையில் விற்கப்பட்ட ஒருவரின் வரலாறு. சந்தைப் பொருளாக விற்கப்படுவது என்னவென்று அந்தப் பாடகருக்குத் தெரியாதா? 1977 டிசம்பர் 23 அன்று கலிமா மொழிந்தார். 1978இல் யூசுப் என்னும் பெயரையே தமதாக்கிக்கொண்டார். அவ்வாண்டின் இறுதியில் ‘பேக் டு எர்த்’ என்னும் தொகுப்பு வந்தது. கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் அக்காலத்தில் வந்த கடைசித் தொகுப்பு அது.

இசையை விட்டுவிடு என்று பள்ளிவாசலில் யாரும் கட்டளையிடவில்லை என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி. ஒழுக்கத்துக்கு மாறுபடாத பாடல்களானால் தொடரலாம் என்றே இமாம் ஒருவர் கூறியிருந்தார். உலமாப் பெருமக்களிடையே இதில் கருத்து வேறுபாடு உண்டு என்பதை அறிந்து, ஐயத்திற்குரியதை விலக்குவதே பாதுகாப்பு என்று அவரே முடிவெடுத்தார். அந்தத் தொழிலோடு ஒட்டியிருந்த வாழ்க்கையிலிருந்து விலகவும் அவருக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. கருவிகளை அறப்பணிக்காக விற்றார். 1979 செப்டம்பரில் ரீஜண்ட்ஸ் பார்க் பள்ளிவாசலில் திருமணம். குழந்தைகள் பிறந்தன.

குழந்தை பிறந்ததும் அதன் படிப்பைப் பற்றிய கவலையும் பிறந்தது. 1983இல், இலண்டன் பிரெண்ட் பகுதியில் இஸ்லாமிய்யா தொடக்கப் பள்ளியை நிறுவினார். ஆங்கிலத் திருச்சபையினர், கத்தோலிக்கர், யூதர் ஆகியோரின் பள்ளிகளுக்கு அரசு உதவி கிடைத்துவந்த நாட்டில் முஸ்லிம் பள்ளிக்கு மட்டும் கிடைக்கவில்லை. விண்ணப்பம், மறுப்பு, மீண்டும் விண்ணப்பம், மீண்டும் மறுப்பு. பதினைந்து ஆண்டுகள் கழித்து 1998இல் உதவி கிடைத்தது. பிரித்தானியாவில் அரசு நிதி பெற்ற முதல் முஸ்லிம் பள்ளிகளுள் அதுவும் ஒன்று. அவருடைய பாடல்களைவிட இந்தப் பதினைந்து ஆண்டுப் பொறுமையே எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. வகுப்பறையில் வாழ்ந்தவனின் ஓரவஞ்சனை என்று வாசகர்கள் கொள்ளலாம். பழைய பாடல்களிலிருந்து தொடர்ந்து வந்த உரிமத் தொகை கல்விக்கும் அறப்பணிகளுக்கும் சென்றது என்பதையும் மறக்கலாகாது. வைத்துவிட்ட கித்தார்தான் பள்ளிக்கூடத்திற்குச் செங்கல் சுமந்தது!

1989ஆம் ஆண்டை மறைத்து எழுதினால் அது வரலாறாகாது. ருஷ்தியின் நூல் குறித்த கொந்தளிப்பின்போது, பொதுக் கூட்டத்திலும் தொலைக்காட்சியிலும் அவர் கூறிய மறுமொழிகள், எழுத்தாளரின் கொலைக்கு அவர் உடன்படுகிறார் என்று பொருள் கொள்ளப்பட்டன. மார்க்கச் சட்டம் என்ன சொல்கிறது என்பதைத்தான் கூறினேன், யாரையும் கொல்லச் சொல்லவில்லை என்று அவர் விளக்கினார். தொலைக்காட்சியில் சொன்ன சில சொற்களை வேண்டாத நகைச்சுவை எனப் பின்னாளில் ஒப்பினார். பலர் அந்த விளக்கத்தை ஏற்கவில்லை. அமெரிக்க வானொலி நிலையங்கள் சில அவர் பாடல்களை நிறுத்தின. ‘டென் தௌசண்ட் மேனியாக்ஸ்’ என்னும் குழு, தன் இசைத்தட்டில் தான் பாடியிருந்த ‘பீஸ் ட்ரெயின்’ பாடலைப் பின்னர் அமெரிக்காவில் அச்சிட்ட பதிப்புகளிலிருந்து நீக்கிவிட்டது. பாட்டில் ஒவ்வொரு சொல்லையும் நிறுத்து வைத்தவர், ஓர் உயிர் சம்பந்தப்பட்ட விஷயத்தில் மைக்கின் முன் அந்த நிதானத்தைக் காட்டவில்லை என்பதே என் எண்ணம்.

அவரை மீண்டும் பாட்டின் பக்கம் திருப்பியது போஸ்னியா. 1992 முதல் 1995 வரை அந்நாட்டு முஸ்லிம்கள் பட்ட துயரை நாமறிவோம். போஸ்னியாவின் வெளியுறவு அமைச்சர் இர்ஃபான் லூபியான்கிச் ஒரு மருத்துவர், பாட்டும் இயற்றுபவர். அவர் யூசுபைச் சந்தித்தபோது தாம் இயற்றிய பாடல் கொண்ட கேசட் ஒன்றைக் கொடுத்தார். 1995 மே மாதம் அவர் சென்ற ஹெலிகாப்டர் சுட்டு வீழ்த்தப்பட்டது. அமைச்சர் மறைந்தார், கேசட் இவர் கையில் இருந்தது. குண்டு மழைக்கு நடுவே ஒரு சமுதாயம் தன் உயிர்ப்பைப் பாட்டில் பற்றிக்கொண்டிருப்பதைக் கண்டார். 1997இல் ஸராயெவோ நகர மேடையில் பாடினார். ‘முழங்கும் பீரங்கிகள் என்னிடம் இல்லை’ என்னும் பொருள்பட்ட அந்த அமைச்சரின் பாடலையே தலைப்பாக்கி ஒரு தொகுப்பை வெளியிட்டார். அதற்கு முன்பே 1995இல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வைத் தம் குரலில் சொல்லி ‘தி லைஃப் ஆஃப் தி லாஸ்ட் ப்ராஃபெட்’ என வெளியிட்டிருந்தார். அதுவரை குரலும் தாளமும் மட்டுமே. கித்தார் இல்லை.

கித்தார் திரும்பிய கதையில்தான் என் தமையன் மகனின் கண்கள் ஒளிர்ந்தன. 2001 செப்டம்பர் 11க்குப் பின், இரு உலகங்களுக்கும் இடையே பேச ஆளில்லாத நிலையை அவர் உணர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் நியூயார்க் நிகழ்ச்சி ஒன்றுக்காக ‘பீஸ் ட்ரெயின்’ பாடலை வாத்தியமின்றிப் பாடி ஒளிப்பதிவாக அனுப்பினார். சில காலம் சென்றபின், அவருடைய மகன் ஒரு கித்தாரை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகை முடிந்த வேளை. வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள். கித்தார் அங்கே கிடக்கிறது. எடுத்தார். விரல்களுக்கு இடம் மறக்கவில்லை.

“பாருங்கள் சாச்சா, அங்கே மகன்தான் கொண்டுவந்தார்” என்றான் பிள்ளை. இதைக் காக்காவிடம் கூறினேன். “எடுத்த நேரம் எது என்றாய்?” என்று கேட்டார். ஃபஜ்ருக்குப் பின் என்றேன். “உன் பிள்ளையை முதலில் ஃபஜ்ருக்கு எழச் சொல்” என்று சொல்லிவிட்டு, ஒலிப்பேழையில் இசைமுரசு நாகூர் ஹனிபாவைப் போட்டுவிட்டார். ஹனிபா அவர்களின் பாட்டிலும் பக்க வாத்தியங்கள் முழங்கத்தானே செய்கின்றன என்று பிள்ளை என் காதோடு கேட்டான். அதற்கு மேல் அன்று வழக்கு நகரவில்லை. கித்தார் இன்றும் அவன் அறையில் இருக்கிறது. காக்கா அதைப் பற்றிப் பேசுவதில்லை. பிள்ளை சில நாட்களில் விடியலுக்கு முன் எழுகிறான்.

யூசுபுக்கும் திரும்பி வந்த பாதை பூப்பாதையாக இல்லை. 2004 செப்டம்பரில் மகளுடன் வாஷிங்டன் சென்ற விமானம், அவர் பெயர் ஏதோ ஒரு பட்டியலில் இருந்ததென்று மேய்ன் மாநிலத்தில் இறக்கப்பட்டது. அவர் திருப்பி அனுப்பப்பட்டார். பிரித்தானிய வெளியுறவு அமைச்சரே அமெரிக்காவிடம் குறைபட்டுக்கொண்டார். அதே நவம்பரில் ரோம் நகரில் கோர்பச்சேவ் கையால் சமாதானத்திற்கான விருது! ஒருபுறம் சமுதாயத்தினர் சிலர், விட்டதை ஏன் எடுத்தீர் என்று கேட்டனர். அரபு நாட்டின் ‘அல் ஊத்’ வாத்தியமே ஐரோப்பாவில் ‘லூட்’ ஆனது என்பதையும், முஸ்லிம் ஸ்பெயினின் இசை மரபையும் எடுத்துக்காட்டி, ‘நான் ஏன் இன்னும் கித்தாரைச் சுமக்கிறேன்’ என்னும் பொருளில் 2014இல் ஒரு சிறு நூலே எழுதினார். வைத்ததைத் தவறென்றும் அவர் சொல்லவில்லை; எடுத்ததற்காக வருந்தவும் இல்லை.

அவருடைய நாட்டவரே ஆன ரிச்சர்டு தாம்சன், ‘ஃபேர்போர்ட் கன்வென்ஷன்’ குழுவின் புகழ்பெற்ற கித்தார் கலைஞர், 1974 அளவில் சூஃபி வழியில் இஸ்லாத்திற்கு வந்தவர். அவரும் சில ஆண்டுகள் ஒதுங்கியிருந்து, எழுபதுகள் முடிவதற்குள் கித்தாருக்குத் திரும்பினார். இருவரும் ஒரே வினாவைச் சந்தித்தவர்கள். ஒருவருக்குச் சில ஆண்டுகள் போதுமாயிருந்தன. மற்றவருக்குக் கால் நூற்றாண்டு வேண்டியிருந்தது.

2006இல் ‘அன் அதர் கப்’ வந்தது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் வந்த முதல் ஜனரஞ்சகத் தொகுப்பு. பின்னர் 2009, 2014, 2017, 2023 எனத் தொடர்ந்தன. 2014இல் ராக் இசைக் கலைஞர்களின் கௌரவ மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. 2019 மார்ச்சில், நியூசிலாந்து கிறைஸ்ட்சர்ச் பள்ளிவாசல்களில் ஷஹீதானவர்களுக்கான நினைவு நிகழ்ச்சியில் ‘பீஸ் ட்ரெயின்’ பாடினார். ஒருகாலத்தில் இசைத்தட்டிலிருந்து நீக்கப்பட்ட அதே பாட்டு. 2023 ஜூனில் எழுபத்து நான்கு வயதில் கிளாஸ்டன்பரி திடலில் பெருங்கூட்டத்தின் முன் நின்றார். 2025இல் தன்வரலாறு வெளிவந்தது.

இவை எல்லாவற்றிலும் நான் திரும்பத் திரும்பக் கேட்பது 2020இல் வந்த ஒரு பதிவு. ‘டீ ஃபார் தி டில்லர்மேன்’ தொகுப்பின் ஐம்பதாம் ஆண்டையொட்டி அதன் பாடல்கள் அனைத்தையும் அவர் புதிதாகப் பாடினார். ‘ஃபாதர் அண்ட் சன்’ பாடலில் தந்தையின் வரிகளைப் பாடுவது எழுபதைக் கடந்த யூசுப். குரல் தடித்து, நிதானித்து, ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு எடுத்துக்கொள்கிறது. மகனின் வரிகளைப் பாடப் புதிதாக யாரையும் அழைக்கவில்லை. 1970இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ட்ரூபடூர் அரங்கில் தாம் பாடியபோது பதிவான இருபத்திரண்டு வயதுக் குரலையே எடுத்து அருகில் வைத்துக்கொண்டார். மகன் அன்றுபோலவே அவசரமாகப் பேசுகிறான். தந்தை இம்முறை அவனைக் காத்திருந்து கேட்கிறார்.